நில்லு, ஒண்ணு ரெண்டு, போ

தம்பி, தம்பி, ஒரு நிமிஷம். அந்த வீடியோவைக் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான். அந்த உடைஞ்ச பாலத்தைத் தாண்டினதும் ஒரு கிணறு வரும் பாருங்க. இப்ப பாருங்க. குதிரை நிக்குதா? ஒண்ணு, ரெண்டு. போயிடுச்சு. பார்த்தீங்களா? பாக்கலையா? சரி, மறுபடி தள்ளுங்க. அவசரம் என்ன, பெல்லு அடிக்க இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கு.

இல்லல்ல, உங்க போன் ஒண்ணும் மாட்டிக்கலை. நெட்டும் நல்லாத்தான் இருக்கு. அவன் வேணும்னேதான் நிறுத்தறான். ஒரு மணி நேரம் மூச்சு விடாம ஓட்டிட்டு வர்றவன், அந்தக் கிணத்துகிட்ட மட்டும் ரெண்டு எண்ணிக்கை நிக்கறான். கீழ எழுதியிருக்கறதைப் படிச்சீங்களா? ஒருத்தன் சொல்றான், குதிரைக்கு மூச்சு வாங்கறதுக்காம். இன்னொரு மேதாவி சொல்றான், அங்க நின்னா காட்டுல ஓநாய் வராதாம், அவன் நூறு தடவை சோதிச்சுப் பார்த்தானாம். ஆறு பேரு ஆறு விளக்கம். உண்மை என்னன்னு தெரிஞ்சவங்க இந்த உலகத்துலயே மூணு பேருதான் தம்பி. அதுல ஒருத்தன் உங்க முன்னாடி நிக்கறேன்.

மன்னிச்சுக்கோங்க, எட்டிப் பார்த்துட்டேன். நான் ஏழாம் நம்பர் வேன். நீங்க மூணாம் நம்பருக்கு வந்திருக்கற புது டிரைவர்தானே? முந்தாநாளே பார்த்தேன். வாங்க, இந்தப் பக்கம் நிழல்ல நில்லுங்க, அங்க வெயில் மண்டையைப் பிளக்கும். இந்த விளையாட்டை ஆடுவீங்களா நீங்க? ஓ, மச்சான் அனுப்பினாரா. சும்மா பாக்கறதோட சரியா. அதுவும் நல்லதுதான். ஆட ஆரம்பிச்சா என் கதிதான்.

ஒண்ணுமில்ல, ஒரு பெரிய தீவு. காடு, மலை, சதுப்பு, சந்தை எல்லாம் இருக்கும். எங்க வேணா போலாம், என்ன வேணா பண்ணலாம், ஏன்னு கேக்க ஆள் கிடையாது. ஒருத்தன் ரெண்டு வருஷமா அதுல தோட்டம் போட்டு தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கான். ஆனா சில பைத்தியங்க இருக்கு, என்னை மாதிரி. தீவைச் சுத்தி ஏழு கோபுரம். ஏழுலயும் விளக்கேத்திட்டு, கிளம்பின துறைமுகத்துக்கே திரும்பி வரணும். சாதாரணமா ஆடறவங்களுக்கு ஒரு மாசம் ஆகும். இப்ப நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்களே, அவனுக்கு ஒரு மணி மூணு நிமிஷம் அம்பத்தெட்டு செகண்டு. அதுதான் புது ரெக்கார்டு. பழைய ரெக்கார்டும் அவனோடதுதான், ஒரு மணி நாலு நிமிஷம் பதினொண்ணு. மூணு வருஷம் அசைக்க முடியலை எவனாலயும். அவன் வச்சுக்கிட்டு இருக்கற பேரு என்ன தெரியுமா? நத்தை. குசும்பு பாருங்க.

சிரிங்க சிரிங்க. நான் வேன் ஓட்டறவன் எப்படி இதுல போய் விழுந்தேன்னுதானே? அதனாலதான் விழுந்தேன். உங்க வண்டிலயும் சீல் வச்சிருக்காங்கல்ல, நாப்பது கிலோமீட்டருக்கு மேல வேக முள்ளு ஏறாது? பதிமூணு வருஷமா நாப்பது. சைக்கிள்காரன் கையாட்டிட்டுத் தாண்டிப் போறான். பின்னாடி முப்பது பிள்ளைங்க, அங்கிள் அவனை முந்துங்க, அங்கிள் இவனை முந்துங்கன்னு. வீட்டுக்குப் போனா குதிரை. அதுக்கு எவனும் சீல் வைக்கலை. பொண்ணு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது இந்த விளையாட்டுப் பெட்டியை வீட்லயே விட்டுட்டுப் போனா. தூசி தட்டலாம்னு எடுத்தேன். தட்டினது ஒரு நாள், ஆடினது ரெண்டரை வருஷம்.

நீங்க பெரிய பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கீங்களா? அங்க ஒரு குரல் வரும்ல, அஞ்சாவது நடைமேடையிலிருந்து புறப்படும்னு? ஆங், அதேதான். எங்க வீட்டம்மா. ரெக்கார்டிங்கா? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. இல்ல தம்பி, உயிரோட கண்ணாடிக் கூண்டுல உக்காந்து சொல்றா. பதினேழு வருஷமா. அவ சொல்லாம அங்க ஒரு பஸ்ஸும் அசையாது.

எட்டு மணி நேரம் ஊருக்கெல்லாம் வழி சொல்லிட்டு வீட்டுக்கு வந்தா வாயில பூட்டு. நானும் இந்தப் பிள்ளைங்க கூச்சலைக் கேட்டுக் கேட்டு, அமைதியா இருந்தா போதும்னு உக்காந்திருப்பேன். சண்டைன்னாலும் நாலு வார்த்தை வரும். சண்டையும் இல்ல. பொண்ணு இருந்த வரைக்கும் அவதான் நடுவுல தபால்காரி. அப்பாகிட்ட சொல்லு, அம்மாவைக் கேளு. அவ ஹாஸ்டலுக்குப் போனதும் தபாலே நின்னுபோச்சு. ஒரு நாள் சும்மா எண்ணினேன். காலையில எழுந்ததுலேருந்து படுக்கற வரைக்கும் அவ என்கிட்ட பேசினது பதினோரு வார்த்தை. அதுல மூணு, சாவி எங்க வச்சீங்க.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆறு மாசமா. அப்ப உங்களுக்கு இது புரியாது, விடுங்க.

எதுக்கு சொல்றேன்னா, எந்த வழியில போனா சீக்கிரம் போலாம்னு நான் எழுதி வச்சுக்குவேன். பொண்ணோட பிசிக்ஸ் நோட்டு, பின்னாடி பாதி வெறுமையா கிடந்துது. அதை மடியில வச்சுக்கிட்டு ஆடுவேன். குனிஞ்சு படிச்சா குதிரை பள்ளத்துல. நிமிந்து பார்த்தா அடுத்து எங்கன்னு மறந்துபோகும். அவ பக்கத்துல துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. குதிரை நாப்பதாவது தடவை விழுந்ததும் ஒரு பெருமூச்சு விட்டா பாருங்க. மடிச்ச துணியைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சா, நாற்காலியை இழுத்துப் போட்டா, என் மடியில இருந்த நோட்டைப் பிடுங்கினா. படிக்க ஆரம்பிச்சா. எப்படி? அடுத்ததாக, இடது புறம் உள்ள, மூன்றாவது கோபுரம். பஸ் ஸ்டாண்டு மாதிரியே! அடியே, நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள குதிரை செத்துக் கருமாதியே முடிஞ்சிடும்னேன். சிரிச்சுட்டா. அவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சுன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

அன்னைக்கிலேருந்து தினமும் சாயங்காலம் ஏழு மணி. அவ ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, முகம் கழுவிட்டு, ஒரு தொண்டை மிட்டாயை வாயில அதக்கிக்கிட்டு வந்து உக்காருவா. எனக்கு இடது பக்கம். வலது காதுல எனக்கு ஹெட்போன், இடது காது அவளுக்கு. இடது, இடது, மரம், மரம்ங்க, குதி, பிடி, விடு! விழுந்தா திட்டு. உங்களுக்கெல்லாம் எவன் முப்பது பிள்ளைங்களை நம்பிக் குடுத்தான்னு கேப்பா. ஓட்டம் முடிஞ்சதும் அரை மணி நேரம் வாக்குவாதம், மூணாவது கோபுரத்துக்கு மேற்கால ஏறணுமா கிழக்கால ஏறணுமான்னு. கல்யாணமான புதுசுல கூட நாங்க அவ்வளவு பேசினதில்ல தம்பி. நான் அவ முகத்தைப் பார்த்ததில்ல, அது வேற. திரையை விட்டுக் கண்ணை எடுத்தா குதிரை போச்சு. குரல்தான். ஆனா அந்தக் குரல் எனக்குன்னே வர்ற குரல். ஊருக்கெல்லாம் ஒரு குரல், எனக்குத் தனியா ஒண்ணு.

கிணறா, வர்றேன் வர்றேன். அந்த நோட்டுல பாலம் வரைக்கும் எழுதினதும் பக்கம் முடிஞ்சுபோச்சு. அடுத்த பக்கத்துலதான் காடு. அவ பக்கத்தைத் திருப்பணும்ல? மத்த இடத்துல ஓடற ஓட்டத்துலயே திருப்பிடுவா, இங்க முடியாது. காட்டுக்குள்ள வழி தெரியாம போனா ஓநாய்கிட்ட மாட்டிக்குவேன். அதனால அவளே சொல்லுவா, நில்லு, ஒண்ணு, ரெண்டு, போ. ஒண்ணு ரெண்டுக்குள்ள பக்கம் திரும்பிடும். கொஞ்ச நாள்ல அதை நோட்டுலயே எழுதிட்டோம், கிணறு, நில்லு, ஒண்ணு ரெண்டு, போன்னு. அவ்வளவுதான் ரகசியம். குதிரைக்கு மூச்சும் இல்ல, ஓநாயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எங்க வீட்டு பிசிக்ஸ் நோட்டுல பக்கம் திருப்பற நேரம் அது.

இப்ப புரியுதா, முதல் முதல்ல இந்த வீடியோவைப் பார்த்தப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்னு?

இருங்க, அதுக்கு முன்னாடி இன்னொண்ணு. ஆலைச் சக்கரம் பார்த்தீங்களா, ஆறாவது கோபுரத்துகிட்ட? குதிரையோட அந்தச் சக்கரத்து மேல ஏறி நின்னா அது தூக்கி மதிலுக்கு அந்தாண்ட எறியும். அது நான் கண்டுபிடிச்சது. கண்டுபிடிச்சதுன்னு பெருமையா சொல்லிக்கறேன், டீ கிளாஸை எடுக்கப்போய் கட்டைவிரல் வழுக்கி நடந்தது. நாப்பது செகண்டு மிச்சம். அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் குதிச்ச குதியில கீழ்வீட்டுக்காரர் மேல வந்து கதவைத் தட்டினார். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அவளே என்கிட்ட சத்தியம் வாங்கினா. இந்த விளையாட்டை ஆடறவங்க போன்ல ஒரு குழு வச்சிருக்கோம், முந்நூறு பேரு, ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடலை நான். சத்தியம் வாங்கினது யாரு? அவ. ஞாபகம் வச்சுக்கோங்க.

அந்தச் சக்கரம் வந்ததுக்கப்புறம் நத்தைக்குப் பக்கத்துல போயிட்டோம். ஒரு மணி நாலு நிமிஷம் பன்னெண்டு. அவன் பதினொண்ணு, நான் பன்னெண்டு. ஒரே ஒரு செகண்டு தம்பி! கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைம்பாங்களே, அது. அன்னைக்கு அவ நோட்டைத் தூக்கிச் சுவத்துல அடிச்சா. நாலு மாசம் கழிச்சு மறுபடி பன்னெண்டு. நோட்டை மெதுவா மூடி வச்சா. மூணாவது தடவையும் அதே பன்னெண்டு வந்தப்ப கேட்டா, ஏங்க, ஒரு செகண்டுதானே, இவ்வளவு பெரிய தீவுல எங்கேயாவது ஒரு செகண்டை எடுத்துட முடியாதான்னு. எங்கடி எடுக்கறது, எல்லாம் இறுக்கமா இருக்கு, எடுக்க இடமே இல்லைன்னேன். சரின்னு எழுந்து போயிட்டா. அது நடந்து இப்ப மூணு மாசம் இருக்கும்.

பன்னெண்டு நாளைக்கு முன்னாடி, இதோ இந்த மரத்தடியிலதான், என் போனுக்கும் வந்துது இந்த வீடியோ. நத்தை தன் ரெக்கார்டைத் தானே உடைச்சிருக்கான்னு. பாக்கறேன். ஆலைச் சக்கரத்துல ஏறினான். போனைக் கண்ணுகிட்ட கொண்டு வந்து பார்த்தேன், எங்க சக்கரமேதான். ஆனா மனசைத் தேத்திக்கிட்டேன், எனக்கு வழுக்கின மாதிரி அவனுக்கும் வழுக்கியிருக்கும், டீ குடிக்கறவன் நான் ஒருத்தன்தானான்னு. அப்புறம் திரும்ப முதல்லேருந்து நிதானமா பாக்கறேன். பாலம். கிணறு. நிக்கறான். ஒண்ணு. ரெண்டு. போறான்.

பெல்லு அடிச்சது கூடக் காதுல விழலை. பிள்ளைங்க வந்து வேன் கதவைத் தட்டித்தான் எழுந்தேன். அன்னைக்கு வழியில ஒரு பாப்பாவை இறக்க மறந்து ரெண்டு தெரு தாண்டிட்டேன்னா பார்த்துக்கோங்க.

ஏன்னா, சக்கரத்தை எவனும் கண்டுபிடிக்கலாம். கிணத்துகிட்ட நிக்கறதை எவனும் கண்டுபிடிக்க முடியாது. அது கண்டுபிடிக்கற விஷயமே இல்ல. அந்த நோட்டைப் பார்த்தவன் மட்டும்தான் அங்க நிப்பான். அந்த நோட்டு எங்க வீட்டை விட்டு வெளிய போனதே இல்ல. அப்ப யாரு?

முதல்ல பொண்ணு மேலதான் சந்தேகம் வந்துது, பாவி நான். லீவுக்கு வந்திருந்தா, நோட்டைப் புரட்டிச் சிரிச்சா. போன் போட்டுக் கத்தினேன். பெத்த அப்பன் முதுகுல குத்திட்டியேன்னு கேட்டேன். அவ பொறுமையா, அப்பா, நாளைக்கு எனக்குப் பரீட்சை, நீங்க எந்தக் கிணத்தைப் பத்திப் பேசறீங்கன்னே எனக்குப் புரியலை, அம்மாகிட்ட குடுங்கன்னா. அம்மா குளிக்கறான்னு பொய் சொல்லி வச்சுட்டேன். அவ எதிர்லதான் உக்காந்திருந்தா. நான் அவகிட்ட விஷயத்தைச் சொன்னேன், நத்தை உடைச்சுட்டான், எல்லாம் போச்சுன்னு. அப்படியான்னா. அய்யோ பாவம்னா. எழுந்து அந்த நோட்டை எடுத்து, கரண்ட் பில்லெல்லாம் வைக்கற டிராயர்ல வச்சு மூடினா. நாற்காலியையும் தூக்கிச் சாப்பாட்டு மேசைகிட்ட போட்டுட்டா. அழுவான்னு நெனச்சேன் தம்பி. ரெண்டரை வருஷ உழைப்பு. ஒரு சொட்டு வரலை. அன்னைக்கு ஒம்பது மணிக்கெல்லாம் குறட்டை விட்டுத் தூங்கினா. எனக்கு அப்பவே ஏதோ தட்டிச்சு.

எங்க குழுவுலதான் நத்தையும் இருக்கான், அவனுக்கே எழுதினேன். திருடான்னு எழுதினேன். இன்னும் என்னென்னமோ எழுதினேன், உங்ககிட்ட சொல்ல வேண்டாம், பள்ளிக்கூட வாசல்ல நிக்கறோம். நாலு நாள் பதில் இல்ல. முந்தாநாள் காலையில வந்துது. ஐயா, நான் திருடலை, உங்க வீட்லேருந்துதான் வந்துது, உங்களுக்குத் தெரிஞ்சுதான் அனுப்பறாங்கன்னு நெனச்சேன்னு எழுதி, கீழ எங்க வீட்டம்மா அனுப்பினதை அப்படியே வச்சிருந்தான். நான் குளிக்கப் போன நேரத்துல என் போன்லேருந்தே அனுப்பிட்டு, அனுப்பின தடயத்தை அழிச்சிருக்கா. இருபத்தெட்டு பக்கமும் போட்டோ. ஒரு பக்கம் கூட ஆடலை, அவ்வளவு நிதானமா எடுத்திருக்கா.

நம்ப வச்சுக் கழுத்தறுக்கறதுன்னா என்னன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதைப் பொண்டாட்டி கையால அனுபவிக்கறது இருக்கே, அது வேற தம்பி. வெளியாளுன்னா சட்டையைப் பிடிச்சு ரெண்டு அறை விடலாம். இங்க என்ன பண்றது? காலையில டீ குடுக்கறா, வாங்கிக் குடிக்கறேன். சத்தியம் வாங்கினவளே போய் வாரிக் குடுத்திருக்கா. எனக்கு ரெக்கார்டு போனது கூடப் பெரிசில்ல. அந்த ஒரு மணி நேரத்தை அவளும் என்னை மாதிரியே நெனச்சுக்கிட்டு இருக்கான்னு நம்பினேன் பாருங்க, அது போச்சு. அவ பேசறான்னு நான் நெனச்சேன். அவ ஓவர்டைம் பாத்திருக்கா.

அவகிட்டயே கேக்கலையான்னா, கேக்கலை. என்னன்னு கேக்கறது? இருங்க, அவ எழுதினதைப் படிக்கறேன், நீங்களே சொல்லுங்க. கண்ணாடி எங்க வச்சேன், ஆங். வணக்கம். இவர் எழுதின வழி முழுக்க அனுப்பியிருக்கேன். கிணத்துகிட்ட நிக்கணும்னு போட்டிருக்கும், நீங்க நிக்க வேண்டாம். அது நான் எச்சில் முழுங்கறதுக்காக. எனக்குத் தொண்டை ரொம்ப மோசமா இருக்கு, வேலை நேரம் போக மீதி நேரம் பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆச்சு. இவர் முடிக்கற மாதிரி தெரியலை. தயவுசெஞ்சு நீங்க முடிச்சிடுங்க.

அவ்வளவுதான். அஞ்சாறு வரி.

பக்கம் திருப்பறான்னு நெனச்சேன் நான். ஆரம்பத்துல அதுக்குத்தான் வச்சோம். அப்புறம் எப்ப அது எச்சில் முழுங்கறதுக்குன்னு மாறிச்சு, எனக்குத் தெரியாது. ஒரு முழம் தள்ளி உக்காந்திருந்தேன், தெரியாது. அவளுக்கு நோட்டு பூரா மனப்பாடம், பக்கம் திருப்ப வேண்டிய வேலையே எப்பவோ போயிருக்கும். அதைக்கூட நான் யோசிக்கலை.

ஆமா, நிக்க வேண்டாம்னு அவ எழுதியும் நத்தை நிக்கறான். நானும் அதைக் கேட்டேன் அவன்கிட்ட. அவங்க வழியில போனா அவங்க நின்ன இடத்துல நின்னுட்டுப் போறதுதானே மரியாதைன்னு எழுதியிருக்கான். யாருன்னே தெரியாத ஒருத்தன். ஆணா பொண்ணான்னு கூடத் தெரியாது, நான்தான் அவன் இவன்கறேன். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, எங்க வீட்டம்மாவுக்குத் தொண்டை வலின்னு. ஒரு வருஷமா டாக்டர்கிட்ட போறா, அந்த டாக்டருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எரியுது தம்பி எனக்கு. நோட்டைக் குடுத்ததைக் கூட மன்னிச்சுடுவேன். ஏங்க எனக்குத் தொண்டை வலிக்குதுன்னு, நாலு வார்த்தை, என்கிட்ட சொல்ல முடியலை. இருபத்திரெண்டு வருஷம் கூட இருந்தவன் நான். முகம் தெரியாத நத்தைகிட்ட போய்ச் சொல்லியிருக்கா. இதுக்கு என்ன பேரு வைப்பீங்க?

நேத்து மதியம் இந்தக் காத்திருக்கற நேரத்துல நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கேட்டுடலாம்னுதான் போனேன், சத்தியமா. கூண்டுக்கு எதிர்த்தாப்புல தூணுக்குப் பின்னாடி ஒரு பெஞ்சு இருக்கு, அங்க உக்காந்தேன். குரல் கணீர்னு வருது, ஒரு பிசிறு கிடையாது. எட்டாவது நடைமேடை, ரெண்டு மணி பத்து நிமிஷம். சொல்லி முடிச்சா, சுவிட்சை அணைச்சா, அந்தப் பக்கம் திரும்பி குனிஞ்சு இருமினா பாருங்க. கண்ணாடிக்குள்ள சத்தம் கேக்கலை, தோள் மட்டும் குலுங்குது. பிளாஸ்குலேருந்து வெந்நீர் ஊத்திக் குடிச்சா, கண்ணைத் துடைச்சா, நிமிந்தா, சுவிட்சைப் போட்டா. மறுபடி கணீர். நாலஞ்சு தடவை அப்படியே. வீட்டுல ஒரு தடவை கூட அவ இருமி நான் கேட்டதில்ல. ஒரு மணி நாலு நிமிஷம், அடக்கிக்கிட்டு உக்காந்திருந்திருக்கா. ரெண்டே ரெண்டு செகண்டுதான் அவளுக்குன்னு இருந்திருக்கு.

கூண்டுக்குள்ள போகலை நான். எழுந்து வந்துட்டேன்.

என்ன யோசிக்கறீங்க? ஓ, கணக்குப் போடறீங்களா. போட்டுட்டீங்களா? கெட்டிக்காரர்தான். ஆமா. நத்தை பதினொண்ணு, நான் பன்னெண்டு. கிணத்துகிட்ட நின்னது ரெண்டு. நிக்காம போயிருந்தா பத்து. ரெக்கார்டு எனக்குத்தான். முதல் தடவை பன்னெண்டு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும் தம்பி. எனக்கும்தான் காடு மனப்பாடம், அவ சொல்லவே வேண்டாம், கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன். எங்கேயாவது ஒரு செகண்டை எடுக்க முடியாதான்னு அவ கேட்டப்ப, இடமே இல்லைன்னு சொன்னேன்ல? இருந்துது. எடுத்துட்டா முடிஞ்சிடும். முடிஞ்சுட்டா நோட்டை மூடிட்டு நாற்காலியைத் தூக்கிட்டுப் போயிடுவா. மறுபடி சாவி எங்க வச்சீங்கதான். அதனால நின்னேன். ஒரு வருஷமா, தினம் தினம், ஜெயிக்காம பாத்துக்கிட்டேன். இவர் முடிக்கற மாதிரி தெரியலைன்னு எழுதியிருக்காளே, பொய் ஒண்ணும் எழுதலை அவ.

அவளுக்கா? தெரியாது. எனக்குத் திறமை இல்லைன்னுதான் நெனச்சுக்கிட்டு இருப்பா. நான் சொல்லலை. யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்டதான் முதல் முதல்ல சொல்றேன். உங்க பேரு கூட நான் இன்னும் கேக்கலை பாருங்க.

பெல்லு அடிச்சுட்டாங்க. வர்றேன், வர்றேன், கதவைத் தட்டாதீங்கடா, திறக்கறேன். மெதுவா ஏறுங்க. பாப்பா, பையை முன்னாடி போட்டுக்க. இல்லப்பா, இன்னைக்கும் யாரையும் முந்த முடியாது. தம்பி, அந்த வீடியோ அப்படியே ஓடிக்கிட்டு இருக்கு, நிறுத்துங்க, பேட்டரி போயிடும்.